புதுத் துப்பாக்கிக்குப் பிசிறு எடுத்த கதை

வாங்கிய முதல் நாளே கட்டை விரலில் ரத்தம். சுட்டதால் இல்லை, தோட்டா போட்டதால். லிவர் துப்பாக்கி என்பது டிரிக்கருக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் வகை. அதில் ரிசீவரின், அதாவது இயந்திரப் பாகங்கள் அடங்கிய இரும்பு உடலின், வலப்பக்கம் ஒரு சின்ன ஸ்பிரிங் கதவு இருக்கும். அதை அழுத்தித்தான் ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு அடியில் இருக்கும் மேகசின் குழாய்க்குள் தள்ள வேண்டும். ஆறாவது தோட்டாவைத் தள்ளும்போது அந்தக் கதவின் ஓரம் நகக்கண்ணைச் சீவிவிட்டது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரும்ப வந்து கதவின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். பிசிறு. மில்லிங் கட்டர் வெளியேறிய இடத்தில் நின்ற உலோகத்தை யாருமே எடுக்கவில்லை. அதன் மேலேயே கறுப்புப் பூச்சு போட்டு, பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கோவையில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன் நான். முதல் மூன்று மாதம் இரும்புத் துண்டை அரத்தால் ராவுவது மட்டும்தான் பாடம். எங்கள் வாத்தியார் பீஸை வாங்கியதும் அளவு பார்க்க மாட்டார், முதலில் ஓரத்தில் விரலை ஓட்டுவார். கீறினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். "பிசிறு எடுக்காமக் குடுத்தா அது பாதி வேலைதான் கண்ணு." இன்று ஒஹையோவில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறேன். அந்த விரல் ஓட்டும் பழக்கம் போகவில்லை.

துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே மான் வேட்டை ஒரு பருவத் திருவிழா. என்னோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தேங்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை லீவு. ஒஹையோவில் நெடுங்காலம் மானுக்கு ரைஃபிள் கூடாது, ஷாட்கன்தான். 2014-இல் நேர்ச்சுவர்த் தோட்டா, அதாவது கழுத்துச் சுருங்காத நேரான கூடு உள்ள தோட்டா, அதைச் சுடும் ரைஃபிள்களை அனுமதித்தார்கள். பக்கத்து மாநிலங்களிலும் இதே மாதிரி சட்டங்கள் வந்தன. அப்புறம்தான் .357, .44, .45-70 என்ற அளவுத் தோட்டாக்களைச் சுடும் கௌபாய் காலத்து லிவர் ரைஃபிள்களுக்குத் திடீர் மவுசு. நானும் அந்த அலையில் மாட்டியவன்தான். கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, 700 டாலருக்குக் கொஞ்சம் மேல் கொடுத்து .357 மேக்னமில் ஒன்று வாங்கினேன். 20 அங்குலக் குழல், மேகசினில் பத்துத் தோட்டா. வின்செஸ்டரின் 1892 மாடலின் நகல். தயாரித்தவர் பெயர் வேண்டாம். இந்த மாடலை இத்தாலி, பிரேசில், ஜப்பான் என்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

அந்த வடிவமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் செய்தது. வின்செஸ்டர் கம்பெனிக்குச் சின்னத் தோட்டாவுக்கான லிவர் ரைஃபிள் அவசரமாகத் தேவைப்பட்டது. மூன்று மாதத்தில் கொடுத்தால் இவ்வளவு, இரண்டு மாதத்தில் கொடுத்தால் அவ்வளவு என்று அவர்கள் பேரம் பேச, "ஒரே மாதத்தில் தருகிறேன், முடியாவிட்டால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இவர் பந்தயம் கட்டி ஜெயித்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, உள்ளே திறந்து பார்த்தால் அந்த மனிதர் மேல் மரியாதை வருகிறது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டைதான் போல்ட். அதன் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் இரண்டு தாழ்ப்பாள்கள். லிவரை மூடினால் மேலே ஏறிப் பூட்டும், திறந்தால் இறங்கும். அவ்வளவுதான். அசல் மாடல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

சரி, என் துப்பாக்கிக்கு வருவோம். கட்டை விரலைத் தவிர இன்னும் ஆறு குறைகள் முதல் நாளே தெரிந்தன. லிவரைத் திறந்தால் மணலில் சட்டியை இழுப்பது போல நறநற. மூடும்போது கடைசி ஓர் அங்குலத்தில் உள்ளங்கையால் அடித்துத் தள்ள வேண்டும். மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன், 4 கிலோவுக்கு மேல் காட்டியது. சுட்ட கூடு மூன்றரை மீட்டர் தள்ளிப் புல்லில் போய் விழுந்தது. பொறுக்கியவற்றில் எல்லாம் ஒரே இடத்தில் நீளவாக்கில் ஒரு கீறல். .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் என்ற குட்டைத் தோட்டாவையும் சுடலாம், ஆனால் அதைப் போட்டால் மூன்றுக்கு ஒன்று நடுவழியில் நின்றது. கடைசியாக, குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன் சைட் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அது தனிக் கதை.

கடைக்காரரிடம் சொன்னேன். "ஒரு ஐந்நூறு ரவுண்டு சுடு, தானாக வழவழப்பாகிவிடும்" என்றார். காசு கொடுத்துத் தோட்டா வாங்கி அதையே அரமாகப் பயன்படுத்தச் சொல்கிறார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாம், வாரண்டி உண்டு. ஆனால் போய்வர ஆறு வாரம், வேட்டை வாரத்துக்கு இருந்தது ஐந்து வாரம். நானே கழற்றுவதென்று முடிவு செய்தேன்.

கராஜில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். சேம்பரை, அதாவது சுடும் தோட்டா உட்காரும் அறையை, இரண்டு முறை பார்த்து, விரலும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைத்தேன். முதல் ஸ்க்ரூவின் தலையே பிய்ந்திருந்தது. தொழிற்சாலையில் பொருந்தாத திருப்புளி போட்டு முறுக்கியவர் கைங்கரியம். நான் வாய்க்குச் சரியாக ராவிய திருப்புளியைப் போட்டு எடுத்தேன். பின்கட்டை கழன்றது. ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலை, ஏற்றி, ஸ்பிரிங் கம்பியில் இருக்கும் துளையில் ஒரு பேப்பர் கிளிப்பைச் சொருகினால் ஸ்பிரிங் அப்படியே கைதாகி நிற்கும். ஹேமர், கீழ்ச்சட்டம், தாழ்ப்பாள்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டைக் குழிகளில் போட்டு வைத்தேன். போனில் படமும் எடுத்தேன். எடுக்காதவன் அழுவான்.

லிவரையும் போல்ட்டையும் இணைக்கும் பின்னைத் தட்டி வெளியே எடுத்ததும், போல்ட்டுக்குள் அடைபட்டிருந்த எஜெக்டர், அதாவது சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம், ஸ்பிரிங்கோடு பாய்ந்து போய்விட்டது. வரும் என்று தெரியும், கையையும் வைத்திருந்தேன். விரலிடுக்கில் நழுவிவிட்டது. எஜெக்டர் கிடைத்தது, ஸ்பிரிங்கைக் காணோம். முக்கால் மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். கடைசியில் என் பெண் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு வந்து, அலமாரிக்கு அடியில் விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். "அப்பா, இதுக்குப் போய் ஐ.டி.ஐ. வேற படிச்சீங்களா?"

உள்ளே பார்த்ததும் நறநறப்பின் காரணம் தெரிந்துவிட்டது. தேன் மாதிரி கெட்டியான பாதுகாப்பு எண்ணெய், அதில் குழைந்த இரும்புத் துகள்கள், ஒரு மூலையில் அரிசி நீளத்துக்குச் சுருண்ட சீவல் ஒன்று. பாகங்களைத் தட்டில் போட்டு மினரல் ஸ்பிரிட் ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ஊரில் என்றால் மண்ணெண்ணெய். கழுவிய நீர்மத்தை வடிகட்டிப் பார்த்தால் ஒரு டீஸ்பூன் இரும்பு. கழற்றத் தைரியம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம். பின்கட்டையை எடுத்துவிட்டுத் துப்புரவுத் திரவத்தைப் பீய்ச்சி அடித்தால் பாதி நோய் போய்விடும்.

அடுத்து மைக்ரோமீட்டரை எடுத்தேன். திட்டுவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும் அல்லவா? இடது, வலது தாழ்ப்பாள்களின் தடிமனில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போல்ட் நேராக இருக்கிறது. சேம்பர் வட்டமாக இருக்கிறது. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் வரிகள் சுத்தம். அதாவது இயந்திரம் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறது. பழைய காலத்துக் கடைசல்காரர் கனவிலும் காணாத துல்லியம் இது. இயந்திரத்திலிருந்து பாகம் விழுந்த பிறகு மனிதக் கை செய்யவேண்டிய வேலைதான் நடக்கவில்லை. பிசிறு எடுப்பது, ஓரம் மழுக்குவது, கழுவுவது, கூட்டிப் பார்த்து இடிக்கும் இடத்தில் இரண்டு இழுப்பு ராவுவது. லிவர் துப்பாக்கியில் இது அதிகம் தேவைப்படும். ஒன்றன் மேல் ஒன்று உரசும் பரப்புகள் அத்தனை. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஓர் உருளை ஒரு துளைக்குள் ஓடுகிறது. இதிலோ ஒரு லிவர் அசைந்தால் தாழ்ப்பாள், போல்ட், தோட்டா தூக்கி, ஹேமர் எல்லாமே சேர்ந்து நடனமாட வேண்டும்.

"தரம் போய்விட்டது" என்ற புலம்பல் புதிதும் இல்லை. 1964-இல் வின்செஸ்டர் தன் 94 மாடல் லிவர் ரைஃபிளைச் செய்யும் முறையை மாற்றியது. கடைந்தெடுத்த பாகங்களுக்குப் பதிலாகத் தகட்டில் அடித்த தோட்டா தூக்கி, திடமான பின்னுக்குப் பதில் சுருட்டிய பொள்ளல் பின், வழக்கமான நீலப்பூச்சு சரியாகப் பிடிக்காத ரிசீவர். காரணம் கூலி. கையால் முடிக்கும் வேலை கட்டுப்படியாகவில்லை. இன்றும் பழைய துப்பாக்கிக் கடைகளில் "64-க்கு முந்தியது" என்றால் விலையே வேறு. அடுத்த பெரிய அடி, லிவர் துப்பாக்கி செய்யும் இன்னொரு கம்பெனியான மார்லினுக்கு. ரெமிங்டன் அதை வாங்கிய சில ஆண்டுகளில், 2011-இல், கனெடிகட்டின் நார்த் ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டு வேலை நியூயார்க்கின் இலியனுக்குப் போனது. இயந்திரங்களை லாரியில் ஏற்றலாம். எந்த இயந்திரத்தை எந்தப் பக்கம் தட்டினால் சரியாக ஓடும் என்று தெரிந்த ஆட்களை ஏற்ற முடியாது. அந்தக் காலத்து மார்லின்களைத் துப்பாக்கிப் பிரியர்கள் "ரெம்லின்" என்று கேலியாகச் சொல்வது இதனால்தான். 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் மார்லினை வாங்கி, வட கரோலினாவில் மேயோடனில் புதிதாக ஆரம்பித்து, 2021 டிசம்பரில் முதல் ரைஃபிளை அனுப்பியது. பெரும்பாலும் பாராட்டுத்தான். ஜப்பானில் மிரோக்கு செய்யும் வின்செஸ்டர்களிலும் வேலை சுத்தம். விலையும் அதற்குத் தக்கபடி. ஆக, நல்லபடியாக முடிக்கத் தெரியாமல் போய்விடவில்லை. என் விலையில் அது கிடைக்காது, அவ்வளவுதான்.

என் ஃபோர்மேனிடம் அவருடைய தாத்தாவின் 94 இருக்கிறது, 1950களில் செய்தது. லிவரைத் திறந்தால் வெண்ணெயில் கத்தி. முதலில் பொறாமைப்பட்டேன். அப்புறம் யோசித்தால், மூன்று தலைமுறை வேட்டையும் ஓர் அரம்தான். அது தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்தது என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

வேலைக்கு வருகிறேன். எல்லாப் பரப்பிலும் மார்க்கர் மை தடவி, கூட்டி, பத்து முறை லிவரை இயக்கி, திரும்பக் கழற்றினேன். நம் ஊரில் புளூ மேட்ச் போடுவது என்போமே, அதேதான். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். போல்ட்டின் அடிப்பக்கப் பின்விளிம்பு ஹேமரைச் சாய்க்கும் இடத்தில் கத்தி முனை மாதிரி இருந்தது. திறக்கும்போது வந்த நறநறப்பில் பெரும் பங்கு அதனுடையது. எண்ணெய்க்கல்லால் அந்த விளிம்பை நூலளவு மழுக்கினேன். தாழ்ப்பாள்களின் பக்கங்களில் கட்டர் போன தடம் வரிவரியாக இருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் 400, பிறகு 600 எண் தாள் விரித்து, எண்ணெய் விட்டு, வரிகளின் மேடு மட்டும் மின்னும்வரை தேய்த்தேன். பள்ளம் அப்படியே இருக்கட்டும், எண்ணெய் தங்க இடம் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாழ்ப்பாளின் பக்கவாட்டில் தேய்க்கலாம். போல்ட்டைத் தாங்கிப் பூட்டும் முகத்தைத் தொடவே கூடாது. வெடிக்கும் அழுத்தம் முழுவதும் அதன் மேல்தான் வருகிறது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும், கூடு கிழியும். அதேபோல ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கியும் டிரிக்கரும். விசை கனமாகத்தான் இருந்தது, கை துறுதுறுத்தது. தொடவில்லை. ஏற்றிய ஹேமர் தானாக விழுந்தால் அது துப்பாக்கி இல்லை, எமன். அந்த வேலைக்குத் துப்பாக்கி மெக்கானிக் இருக்கிறார்.

கூட்டில் விழுந்த கீறலுக்கும் .38 சிக்கியதற்கும் குற்றவாளி ஒன்றே: தோட்டாவை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு போகும் வழிகாட்டித் தகடுகளில் இடதின் ஓரம். .357-இன் கூடு ஏறக்குறைய 33 மில்லிமீட்டர், .38 அதைவிட மூன்றரை மில்லிமீட்டர் குட்டை. நீளமான தோட்டா மூக்கு நீட்டித் தப்பித்துக்கொள்ளும் இடத்தில் குட்டையானது அந்தப் பிசிறில் போய் முட்டிக்கொள்கிறது. ஊசி அரத்தால் நாலு இழுப்பு, கட்டைக் குச்சியில் சுற்றிய தாளால் மெருகு. பத்து நிமிட வேலை. தோட்டா போடும் ஸ்பிரிங் கதவின் ஓரத்தையும் அப்படியே உருட்டினேன். என் கட்டை விரல்தான் அளவுகோல்.

எஜெக்டர் ஸ்பிரிங் லாரிக்குப் போடுவது மாதிரி இருந்தது. மூடும்போது கடைசி அங்குலத்தில் நாம் தள்ளுவதில் பாதி அதை அமுக்கத்தான். ஸ்பிரிங்கை வெட்டினால் திரும்ப வளராது. அதனால் அசலை எடுத்து வைத்துவிட்டு, அதே குறுக்களவில் வேறொன்று வாங்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாக வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது வெட்டில் பயிற்சித் தோட்டா ஒரு மீட்டர் தள்ளி விழுந்தது. அங்கே நிறுத்தினேன். மேகசின் ஸ்பிரிங்கும் தேவைக்கு மேல் நீளம். முனை மூடியைத் திறந்தால் பாம்பு மாதிரி குழாய்க்கு வெளியே ஒரு முழம் நீண்டது. மூன்று சுற்று மட்டும் குறைத்தேன். இதில் பேராசை கூடாது. குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்தாலும் கடைசித் தோட்டா பின்னால் வந்து சேர வேண்டும்.

திரும்பக் கூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எஜெக்டரை ஸ்பிரிங்கோடு போல்ட்டுக்குள் அமுக்கிப் பிடிக்க ஒரு கை, லிவர் நுனியை உள்ளே நுழைக்க ஒரு கை, துளைகள் நேராகும் கணத்தில் பின்னைத் தள்ள ஒரு கை. ஆளுக்கு இரண்டு கைதான். ஐந்தாவது முயற்சியில் புத்தி வந்தது. ரிசீவர் அகலத்துக்கும் குறைவாக ஒரு குட்டைப் பின் கடைந்து, தற்காலிகமாக அதைச் செருகி, உண்மையான பின்னால் அதைத் தள்ளி வெளியேற்றினேன். இரண்டு மாலைகள், மொத்தம் ஏழு மணி நேரம். கை பழகிய தொழிலாளி, பாகத்தைப் பிடித்து நிறுத்தச் சரியான ஜிக் வைத்துக்கொண்டு செய்தால் நாற்பது நிமிடத்தில் முடிப்பார் என்பது என் கணக்கு. அந்த நாற்பது நிமிடத்தைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது முன் சைட். ரிசீவரின் தட்டைப் பக்கம் செங்குத்தாக இருக்கும்படி வைஸில் பிடித்து ரசமட்டத்தால் சரிபார்த்தேன். பின் சைட் நேர். முன் சைட் மட்டும் ஒன்றரை டிகிரி வலப்பக்கம். இரண்டும் ஒன்றாகச் சாய்ந்திருந்தால் குழலைக் கூடுதலாக முறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அதில் குறி அவ்வளவாகத் தப்பாது. இதில் முன் சைட் குழலையும் மேகசினையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையோடு இருக்கிறது. அந்தப் பட்டையின் ஸ்க்ரூ போகும் பள்ளத்தைத் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். சைட் முனை குழலின் மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் உயரம். ஒன்றரை டிகிரிக்கு அரை மில்லிமீட்டர் விலகல். இரு சைட்டுக்கும் இடையே 410 மில்லிமீட்டர். 50 கஜத்தில் கணக்குப் போட்டால் ஐந்தரை சென்டிமீட்டர் இடப்பக்கம். முதல் நாள் அட்டையை எடுத்து அளந்தேன், கிட்டத்தட்ட அதே தூரம். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் கோபம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

பள்ளத்தை அடைத்துத் திரும்ப வெட்டுவது வீட்டு வேலை இல்லை. பித்தளைக் குச்சியை வைத்துத் தட்டிப் பின் சைட்டை அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினேன். கோணலுக்குக் கோணல். குறி சரியாகிவிடும், கண்ணுக்குத்தான் உறுத்தும்.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். தராசில் லிவர் மூட 2 கிலோ சொச்சம். கூடுகள் ஓர் எட்டு தூரத்தில் குவிந்தன, கீறல் இல்லை. .38-இல் ஐம்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் என் உள்ளங்கைக்குள், நடுவில். ஃபோர்மேன் வாங்கி இயக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு குழலின் நுனியைப் பார்த்து, "முன் சைட் சாய்ந்திருக்கிறதே, கவனித்தாயா?" என்றார்.

பின்கட்டையின் மரம் இரும்பைவிட ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருப்பது இன்னும் பாக்கி. அதைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேகசினில் ஒன்பதாவது தோட்டாவும் பத்தாவதும் இப்போதும் கொஞ்சம் முரண்டுதான் பிடிக்கின்றன. மேலும் ஒரு சுற்று வெட்டலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஒஹையோவில் மான் வேட்டையின்போது மூன்றுக்கு மேல் போடவே கூடாது.